அப்பா விரதத்தை விட்ட ஊர்

பேருந்தின் கதவு திறந்ததும் முகத்தில் வந்து அடித்த அந்தச் சூடு, கண்ணை மூடினால் இப்போதும் என் கன்னத்தில் சுடுகிறது. அப்பா அதற்குப் 'போறணைக் காத்து' என்று பெயர் வைத்தார். போறணை என்றால் பேக்கரியில் பாண் சுடுகிற பெரிய அடுப்பு என்பது ஒஸ்லோவில் பிறந்த மகளான எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். நான் படியிலேயே தயங்கி நிற்க, அவர் குதித்து இறங்கி, இரண்டு கைகளையும் விரித்து, "ஆகா, இதெல்லோ வெய்யில்! உந்த நோர்வேக்காரர் காசு குடுத்துத் தேடித் திரியினம், நாங்கள் இதுக்கை பிறந்த ஆக்கள்" என்று செவில்லா நகரம் முழுவதற்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். எனக்கு அப்போது பத்து வயது. விடிந்ததில் இருந்தே அவர் வெறும் வயிற்றோடு நிற்கிறார் என்பது அந்தப் பேருந்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஒஸ்லோவின் ஓரத்தில், ஸ்டோவ்னரில் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்குகிற முதல் நாள், யார் யார் எங்கே போனீர்கள் என்று ரீச்சர் ஒவ்வொருவராகக் கேட்பார். வகுப்பில் பாதிப் பேர் ஸ்பெயின், கிரேக்கம் என்று அடுக்க, நான் மூன்று வருடமாக 'லில்லெஸ்ட்ரோம்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா வீடு, ரெயினில் ஏறி இருந்தால் சீட்டுச் சூடாகுமுன் இறங்க வேண்டும். மூன்றாவது வருடம் வகுப்பே சிரித்தது என்று நான் வீட்டில் வந்து அழுததன் பலன்தான் இந்தப் பயணம். விமானத்தில் மிஞ்சிக் கிடக்கிற மலிவு இடங்களுக்கு அங்கே 'ரெஸ்ட்ப்ளாஸ்' என்பார்கள், அதில் இரண்டை அப்பா பிடித்துவிட்டார். அம்மா வேலை செய்த முதியோர் இல்லத்தில் எல்லோரும் லீவில் நின்றதால் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஸ்பெயினில் ஒரு கடற்கரை ஹோட்டலில் ஒரு கிழமை, ஏழு நாள். அதில் ஒரு நாள் செவில்லா. அந்த ஒரு நாள்தான் ஆடி அமாவாசையாக வந்து தொலைத்தது.

அப்பாவின் அப்பாவான என் அப்பப்பா நான் பிறப்பதற்கு முதல் வருடம் யாழ்ப்பாணத்தில் இறந்துபோனார். அகதியாக வந்திருந்த அப்பாவால் கொள்ளி வைக்கப் போக முடியவில்லை. அதற்குப் பதிலாக அவரிடம் எஞ்சியிருந்தது வருடத்தில் இந்த ஒரு நாள் பட்டினி மட்டும்தான். மத்தியானம் அம்மா படைத்து, பல்கனியில் சோறு வைத்து, காகம் வந்து தொட்ட பிறகுதான் அவர் வாயில் பருக்கை போகும். ஒஸ்லோக் காகம் பாதி உடம்பு சாம்பல் நிறம். "இந்த நாட்டிலை காகமும் வெளுத்துப் போச்சு" என்று அலுத்துக்கொண்டே அதற்காகக் காத்து நிற்பார்.

அந்த வருடம் பனி கரைகிற நேரத்தில் அப்பாவுக்குச் 'சீனி வருத்தம்', அதாவது நீரிழிவு என்று கண்டுபிடித்துக் குளிசை கொடுத்திருந்தார்கள். விமான நிலையத்தில் அம்மா, "வெய்யிலுக்கை விரதம் கிரதம் எண்டு வெளிக்கிடாதேங்கோ" என்று சொல்ல அப்பா "ஓமோம்" என்றார். அம்மா அதை நம்பவில்லையோ என்னவோ, என்னைத் தனியாக இழுத்து, "காலமையிலை அப்பா குளிசை போடுறாரோ எண்டு நீ பாக்க வேணும்" என்றார். நானும் பார்த்தேன். அன்று காலையில் குளிசையை என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கி, "மருந்து விரதத்தைக் கெடுக்காது" என்று கண்ணடித்தார், ஆனால் பாணைத் தொடவில்லை. செவில்லாவில் ஆறு ஓடுகிறதாம், அதில் தலையை நனைத்து, எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டுத்தான் சாப்பாடாம். கொஞ்ச நேரத்தில் அம்மா போன் எடுத்து, "அப்பா குளிசை போட்டவரோ?" என்று கேட்டபோது நான் "ஓம்" என்றேன். சாப்பிட்டாரா என்று அவர் கேட்கவில்லை. அப்பா உதட்டில் விரல் வைத்து எனக்கு முன்னால் நின்றதால் நானும் சொல்லவில்லை. அந்தக் குளிசையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் உடம்பில் சீனி இறங்கி ஆளே விழுந்துவிடலாம் என்று எங்கள் வீட்டில் தெரிந்த ஒரே ஆளிடம் நான் பாதிக் கதையை மறைத்துவிட்டேன்.

முதலில் தேவாலயம், பிறகு அதன் கோபுரம். அந்தக் கோபுரத்துக்குப் படிகள் இல்லை, சுற்றிச் சுற்றி ஏறுகிற சாய்தளம்தான். முன்பு குதிரையில் ஏறிப் போனார்களாம் என்று வழிகாட்டிப் பெண் நோர்வேஜியனில் சொன்னாள். "அப்ப எங்கை எங்கடை குதிரை?" என்று அப்பா பகிடி விட்டார். நாலைந்து வளைவுக்குப் பிறகு பகிடி நின்றது. அதற்குப் பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். நான் கையில் பாதி குடித்த ஃபாண்டாப் போத்தலோடு அவருக்குப் பின்னால் போனேன், கோபுரத்தைப் பார்க்காமல் அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டு. உச்சியில் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டே ஆற்றைக் காட்டினார். இறங்கும்போது கையைப் பிடித்தேன். எல்லாருடைய உடம்பும் கொதிக்கிற அந்த நகரத்தில் அவருடைய கை மட்டும் ஈரமாய், சில்லென்று இருந்தது. அப்போதுதான் நான் முதன்முறையாகச் சாவைப் பற்றி நினைத்தேன்.

பேருந்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. "வா, ஆத்தடிக்குப் போவம்" என்றார். ஊரே கதவு யன்னலைச் சாத்திவிட்டு மத்தியான நித்திரையில் கிடந்தது. கடைகளின் தகரக் கதவுகள் இறங்கியிருந்தன. ஒரு தெருவுக்குள் போனோம், திரும்பினோம், வந்த தெருவுக்கே மறுபடி வந்தோம். "அப்பா, ஆறு அங்காலை" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. தோடை என்கிற ஆரஞ்சு மரங்கள் நான்கு நின்ற ஒரு சின்னச் சதுக்கத்தில், கல் இருக்கையில் இருந்தார் என்று சொல்ல முடியாது, சரிந்தார்.

நான் அவரை உலுக்கினேன். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலால் யாரையோ பார்த்து, நாக்குப் புரளாமல், "ஐயா, கொஞ்சம் பொறுங்கோ, வாறன்" என்றார்.

ஐயா என்று அவர் கூப்பிடுகிற அப்பப்பா உலகத்தில் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருடைய போனை எடுத்து, பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியிருந்த நோர்வே அம்புலன்ஸ் இலக்கத்தை அடித்தேன். விளங்காத பாஷையில் ஒரு குரல் எதையோ சொல்லிவிட்டு நின்றுபோனது. ஃபாண்டாவைத் திறந்து அவருடைய வாயில் வைத்தேன். அந்த நிலையிலும் உதட்டை இறுக்கி மூடித் தலையை ஆட்டினார்.

"வேண்டாம். ஐயாவுக்கு இன்னும் தண்ணி விடேல்லை."

எனக்கு எங்கிருந்து அது வந்ததோ தெரியாது. அழுகையா ஆத்திரமா என்றும் தெரியாது. அந்தச் சதுக்கம் அதிரக் கத்தினேன்: "நீங்கள் செத்தா நான் உங்களுக்கு விரதம் பிடிக்க மாட்டன்! ஒரு நாளும் பிடிக்க மாட்டன்! சோறு வைக்க மாட்டன்!"

அவருடைய கண் மெல்ல என் பக்கம் திரும்பியது. பிறகு வாயைத் திறந்தார். சூடேறிக் காஸ் போன ஃபாண்டாவை நான் ஊற்ற ஊற்ற, பாதி சட்டையில் வடிய, குடித்தார். என் சத்தம் கேட்டு மேல்மாடியில் ஒரு யன்னல் திறந்தது. இரவு உடுப்போடு ஒரு பெண் செருப்பும் இல்லாமல் ஓடி வந்து, சீனி கரைத்த தண்ணீரைப் பருக்கி, அவருடைய தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து ஏதேதோ சொன்னாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் நான் அவளுடைய கையை விடவில்லை. அரை மணி நேரத்தில் அப்பாவுக்கு நிறம் திரும்பியது. ஆற்றுக்குப் போக இருவருக்கும் தெம்பு இல்லை. பேருந்தில் அவர் சொன்னது ஒன்றுதான்: "அம்மாவுக்குச் சொல்லாதை."

நான் சொன்னேன். வீட்டுக் கதவு திறந்த உடனேயே, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, முழுவதையும் சொல்லிவிட்டேன். அம்மா கத்துவார் என்று நினைத்தேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பள்ளிக்கூடம் தொடங்கிய நாள் ரீச்சர் கேட்டபோது நான் 'செவில்லா' என்றேன். எப்படி இருந்தது என்று கேட்டார். வெய்யில் என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டேன்.

அடுத்த வருடம் ஆடி அமாவாசையன்று காலையில் அப்பா மேசையில் இருந்து பாணும் முட்டையும் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அந்த நாள் எங்கள் வீட்டில் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அப்பப்பாவுக்காக ஒஸ்லோவில் பட்டினி கிடந்த ஒரே மனிதனை நிறுத்தியவள் நான்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கனக்கிறது, ஆனால் அந்தச் சதுக்கத்தில் மறுபடி நிறுத்தினாலும் அதையேதான் கத்துவேன்.

அப்பாவுக்கு இப்போது எழுபது நெருங்குகிறது. அவர் விரதத்தைப் பற்றிக் கதைப்பதே இல்லை. நான் அன்றைக்குச் சொன்னதை அவர் அப்படியே நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன். எனக்கு அண்ணன் தம்பி யாரும் இல்லை. கோடையில் அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம், "அது பயத்திலை சொன்னது அப்பா, நான் பிடிப்பன்" என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போகிறேன். போய், அவர் சாப்பிட்டுவிட்டாரா, குளிசை போட்டுவிட்டாரா என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறேன். பிடிப்பேன் என்று சொன்னால், அவர் ஒருநாள் இல்லாமற் போவார் என்று என் வாயால் ஒத்துக்கொண்டதாகிவிடும். அதற்கு எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.