ஒரு முறம் முந்திரி ஓடு

நான் விற்ற முந்திரி ஓட்டில்தான் எங்கள் அண்ணியின் கை வெந்தது.

உடையார்பாளையம் பக்கம் முந்திரி உடைக்கிற கொட்டகைகளில் ஓட்டை மூட்டை மூட்டையாக வாங்கி, வீடு வீடாக அடுப்பெரிக்க விற்பதுதான் என் முதல் வியாபாரம். விறகை விட மலிவு. மழையிலும் சடசடவென்று எரியும். எரியாமல் என்ன... ஓடு முழுக்க எண்ணெய்!

கொட்டகைப் பெண்கள் அடுப்பில் ஒரு கைப்பிடிக்கு மேல் போட மாட்டார்கள். போட்டதும் தள்ளி நின்றுகொள்வார்கள். எண்ணெய் தெறிக்கும், தீ குபீரென்று எழும்பும்.

இது எனக்குத் தெரியும். விற்ற வீடுகளில் சொல்லவில்லை. சொன்னால் யார் வாங்குவார்கள்?

சொந்த வீட்டிலும் சொல்லவில்லை.

ஐப்பசி அடைமழை. விறகெல்லாம் நமுத்துக் கிடந்தது. அண்ணி ஒரு முறம் ஓட்டை அப்படியே அடுப்பில் கொட்டிவிட்டார். கட்டியிருந்தது நைலக்ஸ் சேலை. அண்ணன் ஈரக் கோணியைப் போர்த்தி அணைத்தார்... உயிர் தப்பியது. வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின.

ஆஸ்பத்திரியில் கட்டிலோரம் நின்று உண்மையைச் சொன்னேன்.

"தெரிஞ்சேதான் சொல்லலயா தம்பி?"

"ஆமாங்க அண்ணி."

"நல்லா பண்ணுனீங்க யாவாரம்! மூட்ட எறக்குன வூட்டுக்கெல்லாம் போயி எங் கையப் பத்திச் சொல்லிட்டு வாங்க. அப்பறமா எம் மூஞ்சில முழிங்க."

போனேன். பாதிப் பேர் மூட்டையைத் திருப்பித் தந்தார்கள். ஒரு அம்மா, "இத்தன நாளு வாயில என்ன வச்சிருந்த?" என்று கேட்டது. அந்த வியாபாரம் அத்தோடு நின்றது.

அதன்பிறகு அண்ணியால் மகளுக்குச் சடை பின்ன முடியவில்லை. அண்ணன்தான் பின்னுவார், கோணல்மாணலாக. பள்ளிக்கூடத்தில் சிரிக்கிறார்கள் என்று பிள்ளை அழும். அண்ணி இடது கையால் பிரித்துவிட்டு, மறுபடியும் பின்னச் சொல்லுவார்.

நான் அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டேன்.

இன்று அரியலூரில் எனக்கு கேஸ் அடுப்புக் கடை. அண்ணி போய் நாலு வருஷமாகிறது. இப்போது யாருக்கும் புகையில்லை, கண்ணெரிச்சல் இல்லை... சொல்வதைக் கேட்க நேரமும் இல்லை. "எல்லாம் யூடியூப்ல பாத்துக்கறோம், வுடுங்க" என்று பில்லுக்குக் கை நீட்டுகிறார்கள்.

நேற்று கல்லங்குறிச்சியிலிருந்து வந்தவரும் அப்படித்தான். அவர் அம்மாவுக்கு அடுப்பு வேண்டுமாம். அரைமணி நேரம் பேசி முடித்தோம். ரெண்டு பர்னர் அடுப்பு இரண்டாயிரத்து எண்ணூறு. சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகிற புது ரப்பர் ஓஸ் என் செலவு. ஆனால் அந்த அம்மா நேரில் கடைக்கு வந்து, என் கண் முன்னால் பற்றவைத்து, அணைத்து, ரெகுலேட்டரை மூடிக் காட்டிய பிறகுதான் அடுப்பு வண்டியில் ஏறும்.