மாப்பிள்ளை முகத்தில் அம்மாள்

ஊர்காவற்றுறையில் தட்டெழுத்து வகுப்பு நடத்திய பரிமளம், ஊருக்கே பிழையில்லாமல் கடிதம் அடித்துக் கொடுப்பவள். அவளுடைய கலியாணம் மட்டும் எழுத்துப்பிழையாகவே போய்க்கொண்டிருந்தது. தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில் சண்டை சற்று ஓய்ந்திருந்தபோது, கனடாவிலிருந்த தம்பி இராசநாயகம் கொழும்பு வழியாக ஒரு பழைய கொம்பியூட்டரையும் ஒரு மாப்பிள்ளையையும் அனுப்பினான். மாப்பிள்ளை வந்தது டிஸ்கில், படமாக.

பரிமளம் வெட்கத்தோடு அவரைத் திரை முழுக்கப் பின்னணியாக விரித்தாள். ஜெனரேற்றர் உறுமியது. மாப்பிள்ளை மேலிருந்து வரிவரியாக இறங்கினார். தலைமயிர், நெற்றி, கன்னம்… தாய் கமலாதேவி கதிரையிலிருந்து துள்ளி எழும்பினாள்.

"ஐயோ, அம்மாள் தழும்பு! முகம் முழுக்கக் கொத்திப்போட்டிருக்கு! மறைச்செல்லோ பேசியிருக்கிறாங்கள்!"

பரிமளமும் குனிந்து பார்த்தாள். சிவப்பும் பச்சையுமாக முகமெங்கும் புள்ளி. அம்மை போட்டு அம்மாள் வந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகலாம். கொம்பியூட்டரில் எங்கே செருகுவது?

அதே டிஸ்கிலிருந்த ரோசாப்பூப் படத்தைப் போட்டுப் பார்த்தாள். அதிலும் புள்ளி.

"என்னடி, பூவுக்கும் அம்மாளோ?"

"வருத்தம் அவருக்கில்லை அம்மா, திரைக்கு. இப்ப இதுக்குப் பதினாறு நிறந்தான் தெரியும். தெரியாத நிறத்தைப் புள்ளி வைச்சுச் சமாளிக்குது."

கொழும்பிலிருந்து கூடவந்த டிஸ்குகளைப் போட்டு, திரையை இருநூற்றைம்பத்தாறு நிறத்துக்கு மாற்றினாள். தழும்பெல்லாம் மாயம். மாப்பிள்ளை உரித்த நுங்குபோல் மினுங்கினார். ஆனால், அவரைச் சுமக்க ஏலாமல் இயந்திரம் இளைத்தது. ஒரு எழுத்தை அடித்தால், தேத்தண்ணி ஆறிய பிறகுதான் அது திரைக்கு வந்தது.

"புருசன்மார் உப்பிடித்தான் பிள்ளை. இருக்கிற இடத்துக்குப் பாரம்" என்று தேற்றிய கமலாதேவி, திரைக்குக் கிட்டப் போனாள். "அதென்ன, தோளிலை?"

முன்பு புள்ளிகளுக்குள் கலங்கிக் கிடந்த இடத்தில் இப்போது ஐந்து விரல்கள். நகங்களில் சாயம். ஒன்றில் மோதிரம். மணிக்கட்டோடு யாரோ படத்தை வெட்டியிருந்தார்கள்.

கமலாதேவி சமாளிக்கப் பார்த்தாள்.

"தங்கச்சியின்ரை கையாயிருக்கும்…"

"ஒரே பிள்ளை, பிக்கல் பிடுங்கல் இல்லையெண்டு நீங்கள்தானேயம்மா புளுகினீங்கள்?"



பரிமளம் பின்னணிப் படங்களின் பட்டியலைத் திறந்தாள். அதில் முதலாவதாக இருந்த ஆங்கிலச் சொல்லுக்கு 'ஒன்றுமில்லை' என்று பொருள். அதை அழுத்தினாள். ஆடி அசைந்து வந்தவர் ஒரே வீச்சில் போய்விட்டார். தம்பிக்குக் கடிதம் அடிக்கத் தொடங்கினாள். எழுத்துகள் விரலுக்கு முந்திக்கொண்டு விழுந்தன.