யாக்கோபுக்கு எத்தனை பிள்ளைகள்?

வேதாகமத்து யாக்கோபுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இது பாரதூரமான பிழை. மகன்கள்தான் பன்னிரண்டு பேர். தீனாள் என்று ஒரு மகளும் உண்டு. ஆக மொத்தம் பதின்மூன்று. ஒன்று கூடினால், குறைந்தால் என்ன என்று கேட்பவர்கள் மெல்பேர்னில் யூத முதியோர் இல்லம் எதிலும் வேலை செய்யாதவர்கள்.

முதியோர் பராமரிப்பு என்றால் தூக்குவது, துடைப்பது, மாத்திரை கொடுப்பது என்றுதான் எனக்குச் சொல்லித்தந்தார்கள். வாதாட வேண்டிவரும் என்று ஒருவரும் எச்சரிக்கவில்லை. இதே துறையில் முதுகை முறித்துக்கொள்ளும் தோழர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். எங்கள் முதியவர்கள் ஆங்கிலத்தில் பேசியதை எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத் தமிழில் தருகிறேன்.

ஒரு சின்னக் கட்டம்

மிஸ்டர் கால்மனுக்கு வயது எண்பத்தெட்டு. இதயம் பழுது, வாயில் ஒரு பழுதும் இல்லை. வருடாந்தப் படிவத்தில் 'பிள்ளைகள்' என்ற கட்டத்தில் 3 என்று எழுதி, மூன்று மகன்களின் பெயர்களைக் கொடுத்திருந்தார். ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் பின்னேரம் மூன்று மணிக்கு, சாபத் என்ற யூதரின் ஓய்வுநாள் தொடங்குமுன், ஹன்னா என்ற பெண் வரவேற்பறைக்கு ஃபோன் எடுப்பார். தான் அவருடைய மகள் என்பார். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்பார். படிவத்தில் பெயர் இல்லாதவருக்கு நாங்கள் மூச்சுவிடக் கூடாது. அவர் செத்தாலும் சொல்லக் கூடாது. தகப்பனுக்குப் பிடிக்காத ஒருவரை ஹன்னா கட்டிக்கொண்டதிலிருந்து இருபது வருடமாக இந்தக் கணக்கு.

எபிரேயத்தில் 'பானிம்' என்றால் மகன்கள். பிள்ளைகள் என்றும் பொருள்படும். மனிதர் அந்தச் சொல்லுக்குள் போய் ஒளிந்துகொண்டார். காலுறை மாட்டிவிடும்போது, நாலு என்று திருத்தலாமே என்றேன்.

"யாக்கோபைப் பற்றிக் கேட்டா ஆரும் பன்னிரண்டு எண்டுதான் சொல்லுவினம். அவரே மகளை எண்ணேல்லை, நான் என்ன அவரிலும் பெரிய ஆளோ?"

இரட்டைப் பிறவிகள்

மிஷன் பள்ளிக்கூடத்தில் வேதபாடத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். விடுவேனா? மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது, மகன் யோசேப்பு காணாமல் போனதும் தகப்பனைத் தேற்ற 'குமாரத்திகள் எல்லாரும்' வந்தார்கள் என்று வேதம் பன்மையில் சொல்வதை எடுத்துப் போட்டேன். ஒரு மகள்தான் என்றால் 'எல்லாரும்' எங்கிருந்து வந்தார்கள்?

அது நான் செய்த மடத்தனம். பக்கத்துக் கதிரையில் மிஸஸ் ரோஸா. ரப்பி, அதாவது யூத மதகுரு, ஒருவரின் மகள். ஒவ்வொரு மகனோடும் ஒரு இரட்டைச் சகோதரி பிறந்தாள் என்று பழைய ரப்பி ஒருவர் சொல்லியிருக்கிறாராம். இல்லை, அவர்கள் மருமகள்மார் என்று இன்னொரு ரப்பி. பத்து நிமிடத்தில் சாப்பாட்டறை இரண்டு கட்சியாகிவிட்டது. கரண்டியால் மேசையைத் தட்டினார்களே தவிர யாரும் சூப்பைக் குடிக்கவில்லை. என்னோடு வேலை செய்யும் செல்வி மதுரைக்காரி. கையில் சட்டியோடு என்னைப் பார்த்தாள்.

"ஏங்க்கா, என்னைக்கோ பொறந்த பொண்ணுங்களுக்காக இந்தச் சூப்பை நான் மூணாவது தடவையா சுட வைக்கணுமா?"

முப்பத்துமூன்று

யாக்கோபின் குடும்பம் எகிப்துக்குப் போனபோது மூத்த மனைவி லேயாள் வழியில் முப்பத்துமூன்று பேர் என்கிறது வேதம். பெயர்களை எண்ணினால் முப்பத்திரண்டுதான் வரும். விடுபட்டவள் யோகெபேத் என்ற பேத்தி, எகிப்தின் எல்லைச் சுவர்களுக்கு இடையில், உள்ளே நுழையும் நேரத்தில் பிறந்தவள் என்பது ரப்பிகளின் தீர்ப்பு. இது எனக்குத் தெரிந்திருந்தது ஒரு தீயணைப்பு ஒத்திகையின்போது எந்த உதவியும் செய்யவில்லை. எங்கள் பிரிவுப் பட்டியலில் முப்பத்துமூன்று பேர். புல்வெளியில் முப்பத்திரண்டு. மூன்று தரம் எண்ணினேன். "வாசல்லை ஆரும் பிறக்கினமோ எண்டு பார் பிள்ளை," என்று மிஸஸ் ரோஸா சக்கர நாற்காலியிலிருந்து ஆலோசனை வழங்கினார்.

உள்ளே ஓடினேன். அபாய மணி காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. ஆளில்லாத வரவேற்பறையில், ஃபோனுக்குப் பக்கத்தில், நடைவண்டியைப் பிடித்தபடி மிஸ்டர் கால்மன். அன்று வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம். என்ன செய்கிறீர்கள் என்று கத்தினேன்.

"எல்லாரும் வெளியிலை போய் நிண்டா, அந்த ஃபோனை ஆர் எடுக்கிறது?"

பாட்டாக வந்த செய்தி

அவரை வெளியே கூட்டிக்கொண்டுபோய் விட்டுத் திரும்பினால் ஃபோன் அடிக்கிறது. நானே எடுத்தேன். ஒன்றும் சொல்ல முடியாது, சேதி இருந்தால் கொடுக்கிறேன் என்றேன். "நான் வந்து பாக்கலாமோ எண்டு கேளுங்கோ," என்றார் ஹன்னா. அந்தப் பெயரைக் கேட்டால் கோபத்தில் மாத்திரையைத் துப்புகிற மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது?

மிஸஸ் ரோஸாவிடம் அதற்கும் ஒரு முன்னுதாரணம் இருந்தது. யோசேப்பு உயிரோடு இருக்கிறான் என்று திடீரென்று சொன்னால் கிழவர் யாக்கோபு அதிர்ச்சியில் போய்விடுவார் என்று மகன்கள் பயந்தார்களாம். அதனால் பேத்தி செராக்கைக் கூப்பிட்டு, மெதுவாகப் பாட்டாகப் பாடிச் சொல்லவைத்தார்களாம். எனக்குப் பாட வராது. என்றாலும் சனிக்கிழமை காலை, காலுறையை மாட்டிக்கொண்டே, ஊர்த் தாலாட்டு மெட்டொன்றில், ஹன்னா வரலாமோ, ஞாயிறு வரலாமோ என்று ஆங்கிலத்தில் இழுத்தேன். இரண்டாவது காலுக்கும் அதே வரி. அவர் மாத்திரையைத் துப்பவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்தார்.

"உன்ரை குரலைக் கேட்டிருந்தா யாக்கோபு அண்டைக்கே செத்திருப்பார்."

முதுகு நோவுக்கு விடுப்புத் தரும் இந்தத் தொழிலில், அடுத்தவர் வம்சாவளி தரும் தலையிடிக்கு மட்டும் ஒரு மணிநேரம்கூடத் தருவதில்லை. திங்கட்கிழமை மிஸ்டர் கால்மன் அலுவலகத்துக்குத் திருத்தி அனுப்பிய படிவத்தில் 3 வெட்டப்பட்டு 4 என்று இருந்தது. அடுத்த ஞாயிறு மதியம் மிஸ்டர் கால்மனின் மேசைக்கு ஒரு கதிரை கூடுதலாகப் போட்டோம்.