ஸ்டெல்லா நீட்டிய வலது கை

வெள்ளிக்கிழமை காலை கொரட்டூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது ஸ்டெல்லாவின் தம்பி ஓடி வந்தான். "எங்கக்கா பூட்ச்சுக்கா" என்றான். மஞ்சள் காமாலை என்று படுத்தவள் எழுந்திருக்கவேயில்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அது அடங்காமலே இதை எழுதுகிறேன்.

அம்பத்தூரில் டப்பா மூடி அடிக்கும் எங்கள் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்குச் சூப்பர்வைசர் கோதண்டத்தைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 'அட்ஜஸ்ட்' என்ற ஒரே இங்கிலீஷ் வார்த்தையை வைத்துத் தொழிற்சாலையையே ஓட்டியவர் அந்த மனிதர். அச்சு சரியாக உட்காரவில்லையா, அட்ஜஸ்ட் பண்ணு. ஸ்டூல் இல்லையா, நின்றுகொண்டே அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. பிள்ளைக்குக் காய்ச்சல், லீவு வேண்டுமா, மாமியாரை அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லு. பெண்கள் கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று போய் நின்றபோதும் அதேதான். ஸ்டெல்லா விடவில்லை. "உங்க ஊட்டு கதவ கழட்டினு வாங்க சார், அத்த வெச்சி அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம்" என்றாள். மறுநாள் தாழ்ப்பாள் வந்தது.

ஆர்டர் குவிந்த ஒரு மழைக்காலத்தில், பிரஸ் மிஷினுக்கு முன்னாலிருந்த தடுப்பைக் கழற்றச் சொன்னார் கோதண்டம். தடுப்பு இருந்தால் கை வேகமாகப் போய்வராதாம். "கை மாட்டினா இன்னா சார் பண்றது?" என்று ஸ்டெல்லா கேட்டாள். "பாத்து அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்றார். பக்கத்து மிஷினில் இருந்த நான் என் காதால் கேட்டேன். அந்த வாரமே அவளுடைய வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் போயின. விசாரிக்க வந்த முதலாளியிடம், "அந்தப் பொண்ணேதான் கழட்டிச்சு" என்று வாய் கூசாமல் சொன்னார், பாவி. நடந்ததை நான் சொன்னேன். என் பேச்சு எங்கே எடுபட்டது?

கை ஆறியதும் அவளை மூடி பொறுக்கும் மேஜைக்கு மாற்றினார்கள். கழற்றச் சொன்னது தான்தான் என்று அந்த ஆள் எல்லோர் முன்னாலும் ஒருமுறை சொல்ல வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான். "என் கைய நானே வெட்டிக்கினேன்னு எம்பொண்ணு நெனச்சிக்கக் கூடாதுக்கா" என்பாள்.

ஆயுத பூஜையன்று மிஷின்களுக்குச் சந்தனம் வைத்து, பூசணிக்காய் உடைத்தபின், சூப்பர்வைசர் கையால் பொரி கொடுப்பது எங்கள் கம்பெனி வழக்கம். முதலாளி குடும்பமும் சுற்றி நிற்கும். ஸ்டெல்லா வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள். "சாமி உங்களுது, பொரி எல்லாருக்கும்" என்று வரிசையில் நின்றாள். முறை வந்ததும் வலது கையை மட்டும் நீட்டினாள். கோதண்டம் அள்ளிப் போட்ட பொரி விரலில்லாத சந்தில் கொட்டியது. "ரெண்டு கையும் சேத்துப் புடிம்மா" என்றார்.

"பிரசாதம் சோத்தாங்கையிலதான சார் வாங்கணும்? நீங்க போடுங்க."

போட்டார், கொட்டியது. மறுபடி போட்டார். அவள் நகரவேயில்லை. முதலாளியின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு வயிறு குளிர்ந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அப்படியே நின்றாள். ஒரு வருஷம் அவர் பயந்து லீவு போட்டுவிட்டார். அவர் திரும்பி வந்த அன்றே அவர் மேஜைக்குப் போய், "பூஜ பொரி எங்க சார்?" என்று அதே கையை நீட்டினாள்.

அடக்கத்துக்குப் பெரிய மாலையோடு வந்தார் கோதண்டம். "தங்கமான பொண்ணு. எல்லாத்தையும் அட்ஜஸ்ட் பண்ணிக்கினு போவும், ஒரு கம்ப்ளெயின்ட் கெடையாது" என்று அவள் மகளிடமே சொன்னார். "வாய மூடு சார்" என்றேன். செத்த இடத்தில் சண்டை வேண்டாம் என்று உங்களில் சிலர் என்னைப் பிடித்து இழுத்தீர்கள். இழுத்தவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

அன்றே அந்தப் பெண்ணை உட்காரவைத்து ஒன்றுவிடாமல் சொன்னேன். அவளுக்கு அப்படியே அம்மாவின் முகம். அழுது முடித்து, "நான் கேக்கிறேன்" என்றாள்.

ஸ்டெல்லாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவளுடைய பிடிவாதம். வருகிற ஆயுத பூஜைக்கு அவள் மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். பொரி வரிசையில் முதல் ஆளாக நிறுத்துவேன். கோதண்டம் பொரியை அள்ளட்டும், அவள் கை நீட்ட மாட்டாள். தடுப்பைக் கழற்றச் சொன்னது யார் என்று கேட்பாள். பதில் வரும்வரை வரிசை நகராது.