மிளகாய் நாற்றுக்கு ஒரு சுவர்

செட்டிகுளத்தில் மயிலைக் கல்லெடுத்து விரட்ட யாருக்கும் கை வராது. மலைமேல் முருகன் பார்த்துக்கொண்டிருக்கிறாரே! அந்தத் தைரியத்தில் மயில்கள் பொன்னுத்தாயின் மிளகாய் நாற்றங்காலை வருஷா வருஷம் கொத்தித் தீர்த்தன. இந்த முறை அவள் விதையைக் குழித்தட்டில் போட்டு, வீட்டின் பின்னறையில் எல்இடி விளக்குக்கு அடியில் வைத்துவிட்டாள்.

அந்த அறைமேல் அவள் கொழுந்தன் வெள்ளைச்சாமிக்கு ஒரு கண். சிமெண்ட் வியாபாரி, மூட்டை அடுக்க இடம் தேடிக்கொண்டிருந்தான். "இந்த ஒரு தடவ பாப்போம் அண்ணி. நாத்து தேறலைன்னா ரூம எனக்கு வுட்டுடணும்" என்றான். இவளும் வீறாப்பில் சரி என்றுவிட்டாள்.

அவள் கணவன் ராசாங்கம் நல்ல மனுஷன்தான். உதவி செய்கிறேன் என்று கிளம்பினால்தான் பயம். செடிக்குப் பச்சை பிடிக்கும் என்று சுவர் முழுக்கக் கரும்பச்சை பெயிண்ட் அடித்துவிட்டான். வந்த வெளிச்சத்தையெல்லாம் சுவரே விழுங்கிக்கொண்டது. ஓரத்துத் தட்டுகளில் நாற்று நூலாக நீண்டு, விளக்குப் பக்கம் சாய்ந்து படுத்துவிட்டது. வெள்ளைச்சாமி வந்து பார்த்துவிட்டு, கையோடு அறையை முழம் போட்டு அளந்தான். பக்கத்து வீட்டுக்காரியான எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

பொன்னுத்தாய் மிச்ச விதையை மறுபடி போட்டாள். சாப்பாட்டுப் பொட்டலம் கட்டும் வெள்ளிக் காகிதத்தைச் சுவரில் ஒட்டினாள். அது கசங்கி, ஓரிடத்தில் கண் கூசியது, அடுத்த இடம் இருண்டு கிடந்தது. பிய்த்துப் போட்டுவிட்டுச் சுண்ணாம்பு அடித்தாள். அறைக்குள் எந்நேரமும் ஈரம். பெயிண்ட் மேல் பிடிக்காமல் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

ஒருநாள் உச்சி வெயிலில் வைக்கோல் எடுக்கப் போனவள், போரை மூடியிருந்த பிளெக்ஸ் பேனர்களைப் புரட்டினாள். பின்பக்க வெள்ளை பளீரென்று முகத்தில் அடித்தது. வைக்கோலை மறந்துவிட்டாள். பேனர்களைக் கழுவி, வெள்ளைப் பக்கம் உள்ளே தெரியும்படி நாலு சுவரிலும் இழுத்துக் கட்டினாள். மூலை முடுக்கெல்லாம் ஒரே சீராக வெளிச்சம். ஈரம் பட்டால் துணியால் துடைத்தால் போதும்.

நாற்று நிமிர்ந்தது பாருங்கள்! தண்டு தடித்து, ஓரத் தட்டும் நடுத் தட்டும் ஒரே உயரம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். முதல் ஆளாக நான்தான் வாங்கினேன். பிறகு எறையூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

கடைசியில் வெள்ளைச்சாமியும் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். அவன் வயல் நாற்றங்காலையும் மயில் விட்டுவைக்கவில்லை.

"அண்ணி, ரெண்டு தட்டு கெடைக்குமா?" கேட்டபடியே சுவரைத் தடவினான். "இது என்னா ஷீட்டு? எங்க வாங்குனீங்க?"

மூலையைத் தூக்கிப் பார்த்தான். கூலிங்கிளாஸ் போட்டுக் கும்பிட்டபடி அவனேதான் நின்றான். போன வருஷம் மகள் காதுகுத்துக்கு ஊரெல்லாம் கட்டிய பேனர்.

"என்னங்கண்ணி, என் மூஞ்சிய செவுத்துப் பக்கம் திருப்பி வச்சிருக்கீங்க?"

"நீங்க அந்தப் பக்கம் திரும்புன பொறவுதான் தம்பி நாத்து நிமிந்துச்சு."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவனும் சிரித்துவிட்டான். பொன்னுத்தாய் இரண்டு தட்டுகளை அவன் கையில் கொடுத்தாள்.

"அடுத்த விசேஷத்துக்கும் பேனரப் பெருசாவே அடிங்க தம்பி. நடு ரூமுக்கும் வேணும்."