அவர் பெயரைச் சொன்ன சாயங்காலம்

1971 டிசம்பர், யுத்த சமயம். பட்டாளத்தில் லாரி ஓட்டிய என் கணவர் எல்லையில் இருந்தார். கைக்குழந்தையோடு நான் ஆவடியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். மூன்று வாரமாக அவரிடமிருந்து கடிதம் இல்லை. தெருவில் சைக்கிள் மணி கேட்டாலே, சாவுச் செய்தியோடு தந்திக்காரரோ என்று வாசலுக்கு ஓடுவேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகை நாட்கள் அவை. தினம் வாசிக்க வேண்டிய வேதபாடங்களை அச்சடித்து எங்கள் சர்ச்சில் ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் அன்றைய பகுதியைச் சத்தமாக வாசித்து ஜெபிப்பேன். பால் ஊற்ற வரும் பெண் ஒருத்தி, இந்து, என் வயதுதான், எனக்குத் துணையாக வாசற்படியில் உட்கார்ந்து கேட்பாள்.

அன்றைக்கு வந்தது இயேசுவின் வம்ச வரலாறு. முழுக்கப் பெயர்கள். ஆறுதலாக ஒரு வார்த்தை கிடைக்காதா என்று தவித்த எனக்கு எரிச்சல்தான் வந்தது. கடனே என்று வாசித்துவிட்டு, "ஆண்டவரே, குழந்தையின் அப்பாவைக் காப்பாற்றும்" என்று வழக்கம்போல ஜெபித்தேன்.

"இத்தினி பேரு படிச்சியே, எல்லாம் எப்பவோ செத்துப்போனவங்களா?" என்றாள் பால்காரப் பெண். ஆமாம் என்றேன்.

"அவங்க பேரையே உங்க சாமி மறக்காம வெச்சிகினு கீறாரு. உன் ஊட்டுக்காரர் பேரை நீ ஒரு தபா கூட அவராண்ட சொல்லலியே."

தூக்கிவாரிப் போட்டது. புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசுக்கு ஆகாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். "நீ மட்டும் சொல்லுவியா?" என்று வெடுக்கென்று கேட்டேன்.

"மன்சங்களாண்ட சொல்ல மாட்டேன். கோயில்ல அர்ச்சனைக்குச் சொல்றேனே. சாமியாண்ட இன்னா மறைப்பு?" என்றாள்.

மறுபடி கண்ணை மூடினேன். நாக்கு எழவில்லை. கல்யாணத்தன்று சர்ச்சில் பாதிரியார் சொல்லச் சொல்ல முணுமுணுத்ததோடு சரி, அதற்குப் பிறகு அன்றுதான் அவர் பெயரை வாய்விட்டுச் சொன்னேன். அத்தனை தலைமுறைகளையும் பெயர் பெயராக அறிந்தவர் என் எதிரிலேயே உட்கார்ந்து கேட்பதுபோல் இருந்தது. அழுதுவிட்டேன். கண்ணைத் திறந்தபோது அவளும் கைகூப்பி இருந்தாள்.

ஜனவரியில் கடிதம் வந்தது, பின்னால் அவரும் வந்தார். அந்த ஜெபத்தால்தான் பிழைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். பெயர் சொல்லி ஜெபித்த எத்தனையோ பெண்களுக்குத் தந்தி வந்திருக்கும். ஆனால் நான் சலித்துப்போய் வாசித்த வேதத்தை எனக்கே திறந்து காட்டியவள், எங்கள் சர்ச் படியை ஒருநாளும் மிதிக்காத அந்தப் பெண்தான் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.