ஒரு சுற்று முன்பே அடித்த மணி

மூன்று வருடங்களுக்கு முன், ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் பள்ளி மைதானத்தில் நடந்தது இது. காலை ஏழரை மணி. ஓசூர்ப் பனியைப் பார்த்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை; பார்க்காதவர்களிடம் சொன்னால் கூட்டிச் சொல்கிறேன் என்பார்கள். மைதானத்தின் மறுபக்கம் என்று ஒன்று இருப்பதை ஒலிபெருக்கிப் பாட்டை வைத்துத்தான் ஊகிக்க முடிந்தது. சுண்ணாம்புக் கோடுகள் பத்தடி தூரம் போய்ப் பனிக்குள் கரைந்துவிட்டன.

மாநில எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள தொழிற்சாலைகளுக்கு வருடம் ஒருமுறை நடக்கும் தடகளப் போட்டி அது. அழைப்பிதழில் நட்புறவு என்று போட்டிருக்கும். பந்தலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது தமிழ்நாடா கர்நாடகமா என்பதுதான்.

நான் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தக் காலத்திலேயே தடகள நடுவர் தேர்வு எழுதி, விதிப்புத்தகத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எந்தப் பிரிவில் எந்த உட்பிரிவு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். தூக்கத்தில் யாரும் கேட்டதில்லை, அது வேறு விஷயம். அன்று பெண்கள் ஐயாயிரம் மீட்டர் ஓட்டத்துக்குச் சுற்றுகளைக் கணக்கெடுக்கும் வேலை எனக்கு. என்னோடு இருக்க வேண்டிய இருவர் பனியால் வந்து சேரவில்லை. வேறு ஆள் போடட்டுமா என்று கேட்டார்கள். ஏழு பேர் ஓடுவதை எண்ண ஒரு படித்த மனிதன் போதாதா என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஓட்டம் தொடங்கும் முன், ஒரு தொழிற்சாலையின் நல அலுவலர் என் மேசைக்கு வந்தார். நடைப்பயிற்சியில் பழக்கமானவர். தங்கள் பெண் ஒருத்தி ஓடுகிறாள், அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம் நாட்றாம்பாளையத்து மலைப் பெண், இரண்டு வருடமாகப் பயிற்சித் தொழிலாளியாக இருக்கிறாள், இன்று முதலாவதாக வந்தால் விளையாட்டுப் பிரிவில் நிரந்தரம் ஆகிவிடும், வராவிட்டால் அடுத்த மாதம் ஊருக்குப் போக வேண்டியதுதான் என்றார். பயிற்சியாளர் கிடையாதாம். எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் ஓர் அறையில் தங்கிக்கொண்டு, எதிரணியில் ஓடும் கன்னடப் பெண்ணோடு சேர்ந்துதான் பயிற்சி செய்கிறாளாம். ஒரு நடுவரிடம் சொல்லக்கூடாத விஷயங்கள் இவை என்று அவருக்கு நினைவூட்டினேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஐயாயிரம் மீட்டர் என்பது பன்னிரண்டரைச் சுற்று. மைதானத்தின் எதிர்ப்பக்கத்திலிருந்து கிளம்பி முதலில் அரைச் சுற்று ஓடி, அதன்பின் பன்னிரண்டு முழுச் சுற்று. என் கையில் இருந்த தாளில் ஒவ்வொருவர் எண்ணுக்கும் நேரே பன்னிரண்டு கட்டங்கள். அரைச் சுற்றில் அவர்கள் நம்மைக் கடக்கும்போது தாளின் ஓரத்தில் ஒரு கோடு போட வேண்டும், கட்டத்தில் போட்டுவிடக்கூடாது. புதிதாக வருகிற நடுவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் தவறுவார்கள். பயிற்சி வகுப்பில் நானே பலமுறை சொல்லி, அவர்களைக் கேலி செய்திருக்கிறேன்.

ஓட்டம் தொடங்கியது. அந்தப் பனியில் அவர்கள் ஓடி வந்த விதத்தை இன்றும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. முதலில் காலடிச் சத்தம் மட்டும் வரும். பிறகு வெள்ளைக்குள் ஒரு சாம்பல் நிறம் அசையும். அது ஒரு பெண்ணாகும், முகமாகும், மூச்சாகும். என்னைக் கடந்ததும் மறுபடி சாம்பலாகிக் காணாமல் போகும். மலைப் பெண் முதலில் வந்தாள். காலைத் தூக்கி வைக்கிற மாதிரியே தெரியவில்லை. ஓடையில் மிதந்து வருகிற இலைபோல வந்தாள். நான் எண்ணைச் சத்தமாகச் சொல்லிக் குறித்துக்கொண்டேன். அவள் போனாள், வந்தாள். யாரோ என்னைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவதுபோல இருந்தது. கை தானாகக் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தது. அத்தனை நிம்மதியாக நான் எந்த வேலையையும் செய்ததில்லை.

பதினொன்றாவது கட்டம் நிரம்பியது. ஒன்று பாக்கி. எழுந்து கடைசிச் சுற்றுக்கான மணியை அடித்தேன்.

மணி அடித்த கணத்தில் அவள் முகம் திரும்பி என்னைப் பார்த்தது. அதிலே ஒரு கேள்வி இருந்ததாகப் பிறகு நினைத்துக்கொண்டேன். அப்போது அதைக் களைப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன். மறுகணம் அவள் பாய்ந்துவிட்டாள். பின்னால் வந்த கன்னடப் பெண்ணும் வேகம் எடுக்கப் பார்த்தாள். கோட்டுக்கு வெளியே நின்ற அவளுடைய பயிற்சியாளர் இரண்டு விரலைக் காட்டி, "இன்னூ எரடு, இன்னூ எரடு" என்று கத்தினார். கன்னடத்தில் இன்னும் இரண்டு. என்னுடைய கணக்கில் எனக்கிருந்த நம்பிக்கையில், பாவம், அந்த மனிதருக்கு எண்ணத் தெரியவில்லை என்று பரிதாபப்பட்டேன்.

மலைப் பெண் நாற்பது மீட்டர் முன்னால் வந்து கோட்டைக் கடந்து, முழங்காலில் கை ஊன்றி நின்றாள். நேரக் காப்பாளர் கடிகாரத்தைப் பார்த்து, இருக்க முடியாதே என்றார். நான் தாளைப் பார்த்தேன். ஓரம் வெறுமையாக இருந்தது. அரைச் சுற்றை முதல் கட்டத்தில் குறித்திருந்தேன்.

அதற்குள் கன்னடப் பெண் நிற்காமல் கடந்து போய்விட்டாள். தலைமை நடுவர் நீளம் தாண்டும் இடத்திலிருந்து ஓடி வந்து, எத்தனை பாக்கி என்று என்னைக் கேட்டார். ஒன்று என்றேன். மறுபடி மணி அடித்தேன். மலைப் பெண்ணிடம் ஓடு ஓடு என்றார்கள். ஓடினாள். காலில் ஏற்கனவே எல்லாம் தீர்ந்திருந்தது. நான்காவதாக வந்தாள்.

முதல் மணியைப் பற்றி யாரும் கேட்கவில்லை; கோட்டருகே அதைக் கேட்ட ஒன்றிரண்டு பேரும் பேச்செடுக்கவில்லை. பந்தல் மறுபக்கம் இருந்தது. பாட்டுச் சத்தத்தில் அங்கே மணி கேட்டிருக்காது. முன்னால் வந்தவள் திடீரென்று நின்றாள், கர்நாடகப் பெண் ஜெயித்தாள் என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

முடிவு அறிவித்த அரை மணி நேரத்துக்குள் வீராங்கனை முறையீடு செய்யலாம். அது விதி. நான் தேநீரை வைத்துக்கொண்டு அந்த அரை மணி நேரமும் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து கேட்டால் உண்மையைச் சொல்வது என்று முடிவு செய்திருந்தேன். அவள் வரவில்லை. கன்னடப் பெண்ணின் பாட்டிலில் தண்ணீர் குடித்துவிட்டு, புல்லில் படுத்து வானம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணி ஆனதும் 'முறையீடு ஏதும் வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அலுவலகத்தில் எழுதியவற்றையும் சேர்த்து, வாழ்நாளில் நான் எழுதியதில் அதுதான் மிகச் சரியான வாக்கியம். மிகக் கேவலமானதும் அதுதான்.

அன்று மாலையே, எங்கள் பக்கத்து அணிகளும் நடுவர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் குடிக்கிற படத்தை யாரோ வட்டம் போட்டு அனுப்பினார்கள். அந்தப் பக்கம் தூங்குகிறவள் இந்தப் பக்கத்துக்கா ஓடுவாள் என்று ஒருவர். விலை போய்விட்டாள் என்று ஒருவர். மலையில் மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்று ஒரு குரல்பதிவு. இதற்கு விதி என்ன சொல்கிறது என்று என்னைக் கேட்டார்கள். ஓடுபவர் தன் சுற்றைத் தானே எண்ணிக்கொள்வது அவர் பொறுப்பு என்று பதில் போட்டேன். நாற்பது பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

நான்கு நாள் கழித்து நல அலுவலரை நடைப்பயிற்சியில் பார்த்தேன். நிரந்தரப் பட்டியலில் அவள் பெயர் இல்லை என்றார். ஓர் ஓட்டத்தில் தோற்றால் பரவாயில்லையாம், விசுவாசம் இல்லாதவளை எப்படி வைத்துக்கொள்வது என்று மேலே கேட்டார்களாம். அன்று பாதி நடையிலேயே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் அதே மைதானத்துக்குப் போனேன். வேலைக்குப் போகும் முன் அவள் அங்கேதான் ஓடுவாள் என்று நல அலுவலர் சொல்லியிருந்தார். அன்றும் அதே பனி. என்னை மூன்று முறை கடந்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நான்காவது முறை நின்றாள்.

அவ்வளவு நேரம் மனதில் ஒத்திகை பார்த்ததெல்லாம் போய்விட்டது. "மணியைத் தப்பா அடிச்சது நான்தாம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் எண்ணினது சரிங்களா சார்?"

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள்.

"எண்ணிட்டேதான் சார் ஓடினேன். நீங்க மணி அடிச்சப்ப இன்னும் ரெண்டு இருக்குன்னு எனக்குத் தெரியும். ஆனா இவ்ளோ படிச்சவங்க, தாளும் பேனாவுமா உக்காந்திருக்காங்க, அவங்க தப்பா அடிப்பாங்களான்னு நெனச்சு என் கணக்க விட்டுட்டேன்."

நான் நின்ற இடத்திலேயே சுண்ணாம்புக் கோட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவளும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். திட்டியதையெல்லாம் கேட்டாயா என்று கேட்டேன். எல்லாவற்றையும் ஒருமுறை முழுதாகக் கேட்பாளாம், பிறகு ஓடப் போய்விடுவாளாம், மூன்றாவது சுற்றில் பாதி மறந்துவிடுமாம். மாடு மேய்க்கிறவள் என்று சொன்னதற்குச் சிரிப்புதான் வந்ததாம். மேய்த்ததால்தான் இந்தக் கால் என்றாள். கன்னடப் பெண்ணைப் பார்க்காமல் இருந்தால் பேச்சு அடங்கும் என்று தோழிகள் சொன்னார்களாம். அதற்கு மட்டும் அவளுக்குக் கோபம் வந்திருக்கிறது. காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவளை ஒரு படத்துக்குப் பயந்து எப்படி விடுவது என்றாள்.

"ஓடறவங்கதான் எண்ணிக்கணும்னு நீங்க போட்டீங்க இல்லைங்களா, அது மட்டும் எத்தன சுத்து ஓடினாலும் போகல சார். என் தலையில கணக்கே நிக்காதோன்னு பயம் வந்துடுச்சு. நேத்து லைன்ல பெட்டிக்கு எத்தன பீஸ் போட்டேன்னு மூணு தடவ எண்ணினேன்."

நியாயமாக அவள் என்னைத் திட்டியிருக்க வேண்டும். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து போட்டிக் குழுவுக்கும் தொழிற்சாலைக்கும் ஒரு கடிதம் எழுதினேன். எந்தக் கட்டத்தில் எதைக் குறித்தேன், எப்போது மணி அடித்தேன், அரை மணி நேரம் எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தேன் எல்லாம். அதையே வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். அடுத்த பத்து நிமிடத்தில் மொத்தக் கூட்டமும் என் பக்கம் திரும்பியது. கிழவனுக்குக் கண் தெரியாதா, அந்தப் பக்கம் எத்தனை கைமாறியது, இந்த வயதில் இவருக்கு எதற்கு மணி. ஒருமுறை முழுதாகக் கேட்க முயன்றேன். ஆறாவது குரல்பதிவுக்கு மேல் என்னால் முடியவில்லை. இருபத்திரண்டு வயதில் அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

ஏழாவதாக வந்தது அவளுடைய குரல். "அவரே சொல்லிட்டாரு, விட்டுடுங்க. ஓட வேண்டியது நானு, மறுபடி ஓடிக்கிறேன்." அதோடு குழு அடங்கிவிட்டது.

நேரம் கடந்துவிட்டதால் போட்டி முடிவை மாற்ற முடியாது. அதை அவர்கள் எனக்கு எழுதியபோது விதி எண்ணைத் தவறாகப் போட்டிருந்தார்கள், திருத்தி அனுப்பினேன். ஆனால் தொழிற்சாலையின் சொந்தச் சுற்றறிக்கை ஒன்றைத் தேடிப் பிடித்தேன். போட்டி நடத்தியவர்களின் பிழையால் வாய்ப்பு இழந்தவருக்கு, குறிப்பிட்ட நேரத்துக்குள் ஓடிக் காட்டத் தனியாக ஒரு சோதனை ஓட்டம் தரலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. எழுதியவர்களே மறந்துபோன வரி. அதை வைத்து ஐந்து முறை போய் உட்கார்ந்தேன். என் தொல்லை தாங்காமல்தான் ஒப்புக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரியில் ஒரு காலை. மைதானத்தில் அவள் மட்டும். மேசையில் நானும், நேரக் காப்பாளர்கள் இருவரும், நல அலுவலரும். கோட்டுக்கு வெளியே கன்னடப் பெண், கம்பளிக் குல்லாயோடு. போட்டி இல்லாமல் தனியாக அந்த வேகத்தில் ஓடுவது மிகக் கடினம். கன்னடப் பெண்ணைக் கூட ஓடவிடக் கேட்டோம், விதியில் இடமில்லை என்று மறுத்துவிட்டார்கள். அந்த விதி சரிதான் என்பதால் நான் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

பனிக்குள்ளிருந்து காலடிச் சத்தம் வந்தது. சாம்பல் அசைந்தது. என்னை நெருங்கியதும், மூச்சுக்கு நடுவில், சத்தமாக ஒரு சொல் சொன்னாள்.

"அரை."

நான் தாளின் ஓரத்தில் ஒரு கோடு போட்டேன்.

அடுத்த முறை "ஒண்ணு" என்றாள். முதல் கட்டத்தில் குறித்தேன். அப்படியே ஒவ்வொரு சுற்றும். அவள் சொல்வாள், நான் எழுதுவேன். அப்படி எழுதச் சொல்லி எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஏழுக்குப் பிறகு குரல் கம்மியது, ஆனால் ஒரு எண்ணும் குழறவில்லை. வெள்ளைக்குள் போவதும் வருவதுமாக, அந்த மைதானத்தில் அவளும் அந்த எண்களும் மட்டுமே இருப்பதுபோல இருந்தது. "பதினொண்ணு" என்று சொன்னபோது என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. நான் மணியில் கை வைப்பதற்குள் வேகம் எடுத்துவிட்டாள்.

நேரம், கேட்டதற்கு நான்கு நொடி உள்ளே இருந்தது. நேரக் காப்பாளர்கள் இருவரும் கடிகாரங்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள். கன்னடப் பெண் ஓடி வந்து அவளை அப்படியே தூக்கிவிட்டாள். நல அலுவலர் அங்கேயே கைப்பேசியை எடுத்து மேலே பேசப் போனார். அவள் இப்போது நிரந்தரத் தொழிலாளி. அத்திப்பள்ளி அறையை மாற்றவில்லை.

நான் இப்போதும் நடுவராகப் போகிறேன். மறக்காமல் துணைக்கு இருவரைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்பு எனக்கு முழுதாகப் போய்விடவில்லை. ஆனாலும் என் சொல்லை நம்பி ஒருவர் தனக்குத் தெரிந்ததைக் கைவிடுகிற அந்த ஒரு கணப் பார்வையை எங்கே கண்டாலும், வாயைத் திறக்கும் முன் உங்கள் கணக்கு என்ன என்று அவரிடம் கேட்டுவிடுகிறேன்.